ரேடியோக்காரருக்குப் பெட்ரோல் வாடை ஆகாது

ஆக்-பெல் வானிலை நிலையம்
1992 அக்டோபர் 25

அன்புள்ள சோனுன் அண்ணிக்கு,

அனார் எழுதுவது. இங்கே நானும் அவரும் ரேடியோக்காரர் யெகோரும் சுகம். அங்கே நீங்கள், எர்மெக் அண்ணன், பிள்ளைகள், உங்கள் ஆடுகள் வரை எல்லோரும் சுகம்தானே? அண்ணனின் கால் எப்படி இருக்கிறது? பனியில் கருகி விரல் போன இடம் குளிரில் இன்னும் குத்துகிறதா?

செப்டம்பரில் வரவேண்டிய ஹெலிகாப்டர் இன்னும் வரவில்லை. நிலக்கரியும் மாவும் கொண்டுவந்து, எங்களுக்குப் பதில் வேறு ஆட்களை இறக்கிவிட்டு, எங்களை நாரினுக்கு ஏற்றிப் போக வேண்டியது அது. பழைய நாடு உடைந்துவிட்டது, எரிபொருள் இல்லை, பொறுங்கள் என்று ரேடியோவில் சொல்கிறார்களாம். என் வீட்டுக்காரரைக் கேட்டால் "அடுத்த வாரம் வந்துடும்" என்கிறார். போன வாரமும் அதையே சொன்னார்.

அண்ணி, இனி எழுதுவது உங்களுக்கு மட்டும். எனக்கு நான்காம் மாதம். முன்னே போன இரண்டும் எப்படிப் போயின என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவது முறை இரத்தம் நிற்காமல் நான் கிடந்தபோது நாரின் டாக்டரம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு வெளியே பெத்தா புள்ளையும் இருக்காது, நீயும் இருக்க மாட்டே." ஹெலிகாப்டர் வராவிட்டால் நான் நடந்துதான் இறங்க வேண்டும். மேட்டுவெளியைத் தாண்டிக் காசிமின் வேட்டைக் குடிசை வரை போய்விட்டால், அங்கிருந்து குதிரையில் கீழே கொண்டுபோய்விடுவான். காசிமிடம் நம் கடிதங்களைக் கொடுத்து வாங்க யெகோர் பனிச்சறுக்குக் கட்டையில் நடுவே ஒரு ராத்திரி பாறைப் பொந்தில் ஒண்டிக்கொண்டு போய்விடுகிறார். என் நடைக்கு நாலு ராத்திரி கூடாரத்தில் கழியும். பாலைவனம் மாதிரி வெளி, எரிக்க ஒரு குச்சி கிடையாது.

அதனால் அண்ணனிடம் கேட்டுச் சொல்லுங்கள்: நடுக்குளிரில் இரண்டு பேருக்கு எந்த அடுப்பு, எந்த எரிபொருள்? யாருக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கூடப் பிறந்தவனிடம் இதையெல்லாம் சொல்வது நம்மிடம் வழக்கமில்லை, எனக்கும் கூச்சம். அது மட்டுமில்லை. தெரிந்தால் அந்தக் காலோடு பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

உங்கள்
அனார்

கராக்கோல்
1992 நவம்பர் 12

அனார் கண்ணுக்கு,

அண்ணி எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். ஆடு இரண்டில் ஒன்று சினை. நீயும் என்று படித்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணன் வந்து "என்ன, யார் போயிட்டாங்க?" என்கிறார். யாரும் போகலை, வராங்க என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன்.

அடுப்பைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. மலையேறுகிறவர்கள் யாரும் வராமல் அவருடைய அடுப்புப் பட்டறை ஈ ஓட்டுகிறது. பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த மனுஷன், என்னைப் பிடித்து உட்கார வைத்துக் காது புளிக்கப் புளிக்கப் பேசினார்.

"கேஸுங்கிறது சொகுசுப் பேர்வழி. கோடையில சொன்ன பேச்சு கேக்கும். குளிர் வந்தா டப்பாக்குள்ளயே போர்த்திப் படுத்துக்கும், மேல எழும்பாது. மண்ணெண்ணெய் சோம்பேறி. ஸ்பிரிட் ஊத்திக் கொளுத்திச் சூடு காட்டினாத்தான் கண்ணே முழிக்கும். பெட்ரோல் இருக்கே, அது கிறுக்கு. ஆனா எந்தக் குளிர்லயும் முழிச்சிட்டிருக்கிற கிறுக்கு."

"சரி, அப்ப பெட்ரோல் அடுப்பு ஒண்ணு குடுங்க."

"யாருக்கு?"

"உங்க தங்கச்சி கேட்டிருக்கா. அங்க ரேடியோக்காரர் ஒருத்தர் இருக்காரே, அவர் ஒரு ஆளோட இறங்கணுமாம்."

"யெகோரா? அவனுக்கு அடுப்பு எதுக்கு, அவன் வயித்துலயே ஒரு அடுப்பு எரியுதே."

சிரித்துவிட்டு, இருப்பதிலேயே நல்லதாக ஒன்றைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறார். கூடவே ஒரு மரப்பலகை. அடுப்பை நேராகப் பனியில் வைத்தால் அதுவே குழி தோண்டிக் கவிழ்ந்துவிடுமாம். பெட்ரோல் உங்கள் நிலையத்திலேயே இருக்குமே என்கிறார். குளிரில் பெட்ரோல் கையில் பட்டால் அந்த இடத்திலேயே தோல் வெந்துபோகும், கையுறை இல்லாமல் தொடாதே என்று மூன்று தடவை சொன்னார்.

அவர் காலைப் பற்றிக் கேட்டாயே. வீட்டுக்குள்ளேயே கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அதனால் நான் வாயைத் திறக்க மாட்டேன், பயப்படாதே. உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு சீக்கிரம் கிளம்பு.

அண்ணி
சோனுன்

ஆக்-பெல்
1992 நவம்பர் 29

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் அனுப்பிய அடுப்பும், பிள்ளைகள் உருட்டிய தயிர்க்கட்டிகளும் வந்தன. சின்னவன் உருட்டியது எது என்று பார்த்ததுமே தெரிந்தது, கழுதை விட்டை அளவுக்கு இருந்தது. அதைத்தான் முதலில் தின்றேன்.

அடுப்பில் ஒரு சிக்கல். ரேடியோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் இயந்திரத்துக்காக வைத்திருக்கும் பெட்ரோலை யெகோர் ஊற்றினார். மூடியைத் திறந்ததுதான் தெரியும், குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி. அன்று முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. இப்போது யெகோரின் கோட்டு பக்கத்தில் போனாலே குமட்டுகிறது. வாந்தி எடுத்துக்கொண்டே நாலு நாள் எப்படி நடப்பேன்?

மண்ணெண்ணெய் விளக்குக்கு இருக்கிறது. அதை எழுப்ப ஸ்பிரிட் இல்லை. "இருந்துச்சு. பண்டிகை வந்துச்சு," என்கிறார் யெகோர். போன கோடையில் மலையேறிகள் விட்டுப்போன கேஸ் டப்பாக்கள் கொட்டகையில் புதிதாகவே கிடக்கின்றன, அடுப்புத் தலையோடு. வாடையே இல்லை. அதை எப்படியாவது தாஜா செய்து எரிய வைக்க முடியுமா என்று அண்ணனைக் கேளுங்கள்.

கரியை மிச்சம் பிடிக்க ஒரே அறையில் மூன்று பேரும் இருக்கிறோம். ஜன்னல் உள்பக்கமே உறைந்துவிட்டது. காலையில் கதவைத் திறக்க உள்ளிருந்து பனியை வெட்ட வேண்டியிருக்கிறது. எழுந்தால் சுவர், திரும்பினால் சுவர், அதற்கும் நடுவே இரண்டு ஆண்களின் ஈரக் காலுறைகள். எனக்கு மூச்சு முட்டுகிறது அண்ணி. கத்த வேண்டும்போல் இருக்கிறது, கத்தினால் போய் உட்கார வேறு அறை இல்லை.

நேற்று அவரிடம் "கிளம்பலாமா?" என்றேன். "ஹெலிகாப்டர் வரப்போற நேரத்துல வெளிய போய்ச் சாகணுமா? அடுத்த வாரம் பாரு," என்றார்.

அனார்

கராக்கோல்
1992 டிசம்பர் 18

அனார் கண்ணுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீ நன்றாகச் சாப்பிட வேண்டும், வெறும் டீயைக் குடித்துக்கொண்டு கிடக்காதே.

அண்ணனிடம் கேட்டேன். கேஸ் டப்பாவை நாள் முழுக்கக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கொளுத்தும்போது வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் உட்கார வைத்தால் எரியும் என்கிறார். இன்னும் ஏதேதோ சொன்னார். அவர் பேச்சுதான் உனக்குத் தெரியுமே, ஆரம்பித்தால் நிற்காது.

எனக்கு உன் வாந்திதான் கவலை. பெட்ரோல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கேஸோடு போ. ஆனால் போ. உன் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து அழு, சமைக்காதே, என்ன வேண்டுமானாலும் செய். புது வருஷத்துக்குள் நீ நாரினில் இருக்க வேண்டும். ரேடியோக்காரர் இறங்கினாரா, இறங்கினாரா என்று இவர் வேறு தினம் ஒரு தடவை கேட்கிறார்.

அண்ணி
சோனுன்

ஆக்-பெல்
1993 ஜனவரி 10

அன்புள்ள அண்ணிக்கு,

உயிரோடு இருக்கிறேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். உள்ளே இருப்பதும் உதைக்கிறது. பிள்ளைகளுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று காசிம் சொல்லியனுப்பினான், சரியாகிவிட்டதா?

போனோம், திரும்பிவிட்டோம். நீங்கள் சொன்னபடி அழவும் செய்தேன், சமைக்காமலும் இருந்தேன். யெகோரை ரேடியோவுக்கு விட்டுவிட்டு அவர் என்னோடு வந்தார். இரண்டு கேஸ் டப்பாவை அவர் நெஞ்சிலும் ஒன்றை நான் என் வயிற்றுக்கு மேலும் கட்டிக்கொண்டோம். பகலெல்லாம் நன்றாகத்தான் நடந்தேன். வானத்தைப் பார்த்தே எத்தனை நாளாகிவிட்டது, சிரித்துக்கொண்டே நடந்தேன் அண்ணி.

சாயங்காலம் கூடாரம் போட்டு அடுப்பைக் கொளுத்தினோம். நீலமாய் அழகாய் எரிந்தது. பாத்திரத்தில் பனி பாதிகூட உருகவில்லை, சுடர் சுருங்கிச் சுருங்கி அகல் அளவுக்கு வந்து நின்றது. டப்பாவை ஆட்டினால் உள்ளே கேஸ் தளும்புகிறது, மேலே வரமாட்டேன் என்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கச் சொன்னீர்கள். அந்தத் தண்ணீரைச் சூடுபண்ண அடுப்பு எரிய வேண்டுமே. மற்ற இரண்டு டப்பாவும் அப்படியே. காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு பனியை வாயில் அடக்கினேன். அது தாகத்தைத் தீர்க்கவில்லை, உள்ளே இருக்கிற சூட்டையும் கொண்டுபோனது. விடியும்போது அடிவயிறு இழுக்க ஆரம்பித்தது. திரும்பிவிட்டோம்.

வழியெல்லாம் அவர் என்னைத் தாங்கித்தான் கூட்டிவந்தார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிலையத்தின் கதவு தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. "பார்த்தியா? இனிமே பேசாம ஹெலிகாப்டருக்குக் காத்திருப்போம்," என்றார்.

பெட்ரோல்தான் வழி என்று புரிந்துவிட்டது. வாடைக்கு ஏதாவது மருந்து இருந்தால் சொல்லுங்கள். மூக்கில் பஞ்சு வைத்துப் பார்த்துவிட்டேன்.

அனார்

கராக்கோல்
1993 ஜனவரி 28

அனார் கண்ணுக்கு,

பிள்ளைகள் தேறிவிட்டார்கள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கேஸ் எரியவில்லை என்று நீ எழுதியதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. எழுத முகமில்லை.

உன் அண்ணனிடம் மறுபடி போனேன். குட்டு உடையாமல் எப்படிக் கேட்பது என்று யோசித்து யோசித்து, கடைசியில் இப்படிக் கேட்டேன்: "அந்த ரேடியோக்காரருக்குப் பெட்ரோல் வாடையே ஆகலையாம். மூடியைத் திறந்தாலே வாந்தியாம். என்ன செய்யறது?"

"யெகோருக்கா? பெட்ரோலைக் குடுத்தா அதையும் ஊறுகாயோட குடிச்சிடுவானே அவன். வாந்தி எடுக்கிறானா? என்ன, மாசமா இருக்கானா?"

சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "ஆட்டுக்குத் தீனி வச்சுட்டு வரேன்," என்று எழுந்து போனார். தீனி நான் காலையிலேயே வைத்தாகிவிட்டது.

வந்து ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். உனக்கு ஏதோ தனியாக எழுதி ஒட்டித் தந்தார், அடுப்பைப் பற்றியாம். இரண்டு டப்பா எரிபொருளும் கட்டி வைத்திருக்கிறார். எல்லாம் இதோடு வருகிறது.

அண்ணி
சோனுன்

கராக்கோல்
1993 ஜனவரி 28

தங்கை அனாருக்கு,

அண்ணன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

எழுத்து எனக்கு வராத வேலை, ஆனாலும் இதை நேராக எழுதிவிடுகிறேன். கேஸைத் தொடவே கூடாது, அந்தக் குளிரில் அது ஆளைக் கொல்லும் என்று நான் சோனுனிடம் சொல்லியிருந்தேன். அவள் என்ன எழுதினாளோ தெரியாது. அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் யாரை நினைத்துப் பயந்தாள் என்று எனக்குத் தெரியும்.

ரேடியோக்காரர் விஷயமாக.

அவருக்கு வாந்தி வருவது இயந்திரத்துக்கு ஊற்றுகிற பெட்ரோலால். அதில் ஈயம் கலந்திருக்கிறது. புகையும் கெட்டது, வாடையும் கெட்டது, அவர் இருக்கிற நிலைமைக்கு அது ஆகவே ஆகாது. நான் அனுப்புவது வெள்ளைப் பெட்ரோல், துணி வெளுக்கிறவர்கள் கறை எடுக்க வைத்திருப்பது. தண்ணீர் மாதிரி இருக்கும், வாடை இருக்கும் ஆனால் மெல்லியது, கரி பிடிக்காது. போகிற அன்றைக்குத்தான் எடுத்தேன் என்று இல்லாமல் ரேடியோக்காரர் தினம் ஒரு தடவை காற்றாட வெளியே கொளுத்திப் பழகட்டும். பயம் தெளிந்தால் குமட்டலும் பாதி தெளியும்.

தொட்டியில் முக்கால்தான் ஊற்ற வேண்டும். பம்ப் அடித்து, கிண்ணியில் கொஞ்சம் வழியவிட்டுக் கொளுத்தி, பித்தளைக் குழல் சூடான பிறகுதான் திருகைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் ஆள் உயரத்துக்கு எரியும். கூடாரத்துக்குள் எரித்தால் வாசலை ஒரு சாண் திறந்தே வைக்கவேண்டும், எவ்வளவு குளிர் அடித்தாலும். தலை வலிக்கிறது என்றால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். அந்தப் புகை பெரியவர்களைவிடச் சின்ன உயிரைத்தான் முதலில் தேடும்.

தண்ணீர்தான் முக்கியம். ரேடியோக்காரர் ஒருவருக்கு மட்டும் நான் இரண்டு பேருக்கான தண்ணீரைக் கணக்கில் போட்டிருக்கிறேன், எரிபொருளும் அந்தக் கணக்குத்தான். பனியை அப்படியே தின்னக் கூடாது. படுக்கும்போது இடது பக்கமாகப் படுக்கச் சொல். சுமை எதுவும் தூக்கக் கூடாது, கோபம் வந்தால் என் பேரைச் சொல்லித் திட்டச் சொல்.

அவர் எப்போது கிளம்புகிறார் என்று மட்டும் எழுது.

அண்ணன்
எர்மெக்

ஆக்-பெல்
1993 பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் குழந்தையும் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமா? உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் மோசமாகப் பொய் சொல்லியிருப்பேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள்: ரேடியோக்காரர் சௌக்கியம். இடது பக்கமாகத்தான் படுக்கிறார். வெள்ளைப் பெட்ரோலுக்கு முதல் நாள் குமட்டினார், இரண்டாம் நாள் இல்லை. அடுப்பை இப்போது யெகோரைவிட நன்றாகவே கொளுத்துகிறார்.

தினமும் கொட்டகை வாசலில் யெகோர்தான் எனக்குக் கொளுத்தப் பழக்கினார். ஒரு நாள் காற்றே இல்லை. அடுப்பு இரைந்துகொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் அறைக்குள் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு எதுவும் கேட்காது. யெகோர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அனார், ஹெலிகாப்டர் வராது."

"இந்த வாரமா?"

"எந்த வாரமும். மே வரைக்கும் கிடையாதுன்னு நவம்பர்லயே சொல்லிட்டாங்க. நான்தான் வாங்கினேன் அந்தச் செய்தியை. உங்க வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். சொல்லாதே யெகோர், சொன்னா அவ கிளம்பிடுவா, வழியில செத்துடுவான்னார். நானும் ஒரு முட்டாள். ஆம்பளை அழுதா எனக்குத் தாங்காது."

நவம்பர் அண்ணி. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம், மேட்டுவெளியில் முழங்கால் பனிதான். ஓடியே இறங்கியிருப்பேன். ஒவ்வொரு வாரமும் என் எதிரே உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்து, அடுத்த வாரம் என்றாரே.

அன்று சாப்பிடும்போது கேட்டேன், "ஹெலிகாப்டர் வருமா?"

"அடுத்த வாரம்," என்றார். யெகோர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனார்.

அதற்கு மேல் நான் சண்டை போடவில்லை. யெகோரோடு இறங்குகிறேன் என்று மட்டும் சொன்னேன். அப்போதுதான் அவருக்குக் குரலே வந்தது. "ஒரே கூடாரத்துல, அந்நிய ஆம்பளையோட, நாலு ராத்திரி. ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் வந்து எனக்குப் பிரசவம் பார்க்குமா?"

"நிலையத்தை யார் பாக்கிறது? நானும் வந்துட்டா இதை மூடிடுவாங்க. அப்புறம் நமக்கு ஏது வேலை, ஏது வீடு?"

"நீங்க இருங்க. உங்களை யார் கூப்பிட்டது?"

இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

மார்ச் முதல் வாரம் வானம் தெளியும் என்கின்றன நிலையத்தின் பழைய பதிவேடுகள். அப்போது கிளம்புவோம். எனக்கு எட்டாம் மாதம் முடியப்போகிறது. அண்ணன் வருவதென்றால் காசிமின் குடிசை வரைக்கும், அதற்கு மேல் ஒரு அடி வைக்கக் கூடாது. இதை மட்டும் என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்குங்கள்.

அனார்

கராக்கோல்
1993 மார்ச் 1

அனார்,

சுகமா என்று கேட்கவில்லை. இதை நீ படித்தால் சுகம் என்று அர்த்தம். உன் அண்ணன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், காசிமின் குடிசையில் தருவார்.

இன்றைக்கு விடியற்காலை கிளம்பிவிட்டார். இரண்டு நாளாக நான் பூட்ஸை ஒளித்து வைத்திருந்தேன். மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்ததைச் சின்னவன் காட்டிக்கொடுத்துவிட்டான். சத்தியம் கேட்டேன். "எந்தத் தலையில அடிக்கணும், அவ தலை இங்க இல்லையே," என்று பேச்சை மாற்றுகிறார். கம்பை எடுத்துக்கொண்டார், இன்னொரு அடுப்பையும் எடுத்துக்கொண்டார்.

சட்டியைத் தேய்க்கும்போதும் போர்வையை மடிக்கும்போதும் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டேன். உன் வீட்டுக்காரரை அதற்கும் மேலே. அப்புறம் உட்கார்ந்து அழுதேன். எனக்கு நீயும் வேண்டும், அவரும் வேண்டும். இந்த நாலு மாதமாக இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாரோ என் கழுத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நீ தாமதித்தால் இவருக்குத் தெரிந்து கிளம்பிவிடுவார் என்றுதான் கேஸ் எரியும் என்று எழுதினேன்; நான் அவரைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

அவருக்குக் கால் மரத்துப்போனால் சொல்ல மாட்டார். நீ பூட்ஸைக் கழற்றிப் பார்.

சோனுன்

நாரின் ஆஸ்பத்திரி
1993 மார்ச் 27

என் அன்பான அண்ணிக்கு,

அனார் எழுதுவது, படுக்கையிலிருந்து. அண்ணன் பக்கத்து வார்டில் சுகம். பூட்ஸைக் கழற்றிப் பார்த்தேன், இருக்கிற விரல் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் கறுத்திருந்தது, இப்போது பரவாயில்லை. நர்ஸுகளை உட்கார வைத்து கேஸைப் பற்றியும் பெட்ரோலைப் பற்றியும் பாடம் எடுக்கிறார். சீக்கிரம் வந்து கூட்டிப்போங்கள், அவர்கள் பாவம்.

கிளம்பின அன்று என் வீட்டுக்காரர்தான் பாட்டில்களில் பெட்ரோல் ஊற்றினார், ஒரு சொட்டு சிந்தாமல். ஸ்லெட்டில் எல்லாவற்றையும் கட்டினார், என் கழுத்துச் சால்வையை இழுத்து முடிந்துவிட்டார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். "அளவு எடுக்க நேரமாச்சு," என்று வெப்பமானிப் பெட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

முதல் இரண்டு நாள் கடவுள் கொடுத்த நாள். மூன்றாம் நாள் புயல், கூடாரத்தை விட்டு நகர முடியவில்லை. யெகோர் எனக்கு முதுகைக் காட்டியபடியேதான் உட்கார்ந்திருப்பார், அந்த முதுகோடுதான் நான் பேசினேன். கையுறை கிழிந்திருந்தது தெரியாமல் பெட்ரோல் ஊற்றி அவர் விரலெல்லாம் வெந்துவிட்டது. அப்புறம் அடுப்பு என் பொறுப்பு. வாசலை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே வந்து விழுகிற பனியையே அள்ளிப் பாத்திரத்தில் போட்டு, பகல் முழுக்க உருக்கிக்கொண்டே இருந்தேன். மூக்கு முழுக்கப் பெட்ரோல் வாடை. குமட்டினால் "எர்மெக், எர்மெக்" என்று திட்டினேன். குடித்த தண்ணீர் தங்கியது. அடுப்பு ஒரு தடவைகூட அணையவில்லை.

கடைசி நாள் குடிசை தெரிவதற்கு வெகு முன்னாலேயே ஒரு பாறை ஓரமாகப் புகை மாதிரி தெரிந்தது. கிட்டப் போனால் உங்கள் வீட்டுக்காரர். ஒரு அடி வைக்கக் கூடாது என்றேன், நாலு மைல் வந்திருக்கிறார். பனியில் பலகை போட்டு அடுப்பை வைத்து, உப்பு டீ கொதிக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வயிற்றைப் பார்க்காமல் யெகோரைப் பார்த்துக் கேட்டார்: "என்ன ரேடியோக்காரரே, பிரயாணமெல்லாம் சௌக்கியமா?" யெகோருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அழுதுவிட்டேன்.

பிரசவத்தைப் பற்றி நேரில் சொல்கிறேன். டாக்டரம்மா சொன்ன மாதிரியேதான் ஆனது. இரத்தம் நிற்கவில்லை, வேறு ஆள் இரத்தம் ஏற்றினார்கள். மேலே இருந்திருந்தால் நான் இல்லை.

நேற்று எழுந்து நடக்கலாம் என்றார்கள். குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக வானிலை அலுவலகத்துக்குப் போனேன். மத்தியான நேரத்தில் அவர் மேலேயிருந்து ரேடியோவில் அளவுகளைச் சொல்வார். தனியாகத்தான் இருக்கிறார், கை வெந்த யெகோரை இன்னும் மேலே அனுப்பவில்லை. காற்று, அழுத்தம், பனி ஆழம் எல்லாம் சொல்லி முடித்தார். குரல் கிழவன் குரல் மாதிரி இருந்தது. அங்கிருந்த பெண் மைக்கை என்னிடம் தந்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

"நான் அனார்," என்றேன்.

"இருக்கியா," என்றார். அப்புறம், "என்ன குழந்தை?"

சொல்ல வாய் வந்தது அண்ணி. சொல்லவில்லை.

"ஹெலிகாப்டர் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"அனார், குழந்தை..."

"முதல்ல இதுக்குச் சொல்லுங்க. எப்ப வரும்?"

வெறும் இரைச்சல்தான் வந்தது. நான் விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று நினைத்திருப்பார். நான் போகவில்லை. குழந்தை என் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"வராது."

"பொண்ணு," என்றேன்.

உங்கள்
அனார்